கண்ணுக்குத் தெரியாத மை யாருக்காக?

டிவி ரிமோட் நுனியை போன் செல்ஃபி கேமரா முன்னாடி பிடிச்சு ஒரு பட்டனை அழுத்திப் பாருங்க. நிறைய போன்ல ஊதா கலர்ல ஒரு வெளிச்சம் மினுக்கும். வெறுங்கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. அகச்சிவப்பு ஒளி நம்ம கண்ணுக்கு எட்டாது, கேமரா சென்சாருக்கு எட்டும்.

இதே மாதிரி ஒரு விஷயம் நம்ம பர்ஸுக்குள்ளயும் இருக்கு. ரூபாய் நோட்டின் எண்களை அச்சடிக்கும் மையும், காகிதத்தில் கலந்திருக்கும் நுண்ணிழைகளும் புற ஊதா விளக்கில் ஒளிரும். காகிதம் மட்டும் மங்கலாகவே இருக்கும். அது பருத்தியில் செய்தது. நம்ம ரெக்கார்ட் நோட்டுத் தாளில் சேர்க்கும் வெண்மையூட்டி அதில் கிடையாது. சாதாரணத் தாளில் அடித்த கள்ளநோட்டு அந்த விளக்கில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்.

நல்ல டெக்னாலஜிதான். ஆனா அந்த விளக்கு யார் கையில இருக்கு?

அரியாங்குப்பத்துல எங்க தெருவுல ஒரு அத்தை மீன் விக்கிறாங்க. விடிகாலை இருட்டுல, ஈரக் கையோட ஒரு 500 ரூபாய் வாங்கிட்டாங்க. பேங்க்ல கட்டப் போனப்போ மெஷின் அதைக் கள்ளநோட்டுன்னு சொல்லிடுச்சு. முத்திரை குத்தி, ஒரு ரசீது கொடுத்து, நோட்டை வச்சுக்கிட்டாங்க. விதிமுறையே அதுதான்: நோட்டு திரும்பி வராது, ஈடும் கிடையாது. தெரிஞ்சே அடுத்தவங்க தலையில கட்டினா அது குற்றம். ஆக நஷ்டம் முழுசும், விளக்கு இல்லாதவங்களுக்குத்தான்.

போன் கேமரா உதவாதா? பார்வையற்றவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற ஆப்பை வெளியிட்டது. கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்லும். நல்லதா கள்ளதா என்று சொல்லாது.

எல்லாத்தையும் வெளிப்படையா வச்சா கள்ளநோட்டு அடிக்கிறவன் காப்பி அடிச்சிடுவானேன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. மறைஞ்ச மை வேண்டாம்னு நான் சொல்லல. அது பேங்குக்கான காவல். சந்தையில இருக்கிறவங்களுக்கு வேற காவல் ஏற்கெனவே இருக்கு, அதை யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரலங்கிறதுதான் என் கோபம். 500 ரூபாய் நோட்டைச் சாய்ச்சா பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாகும். காந்தி படத்தைத் தடவினா மை மேடு தட்டும். இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்துல பிடிச்சா நீர்க்குறி தெரியும்.

சிம்போசியத்துல வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோ செய்யறோம். இந்த வருஷம் ஒரு டீம் புற ஊதா எல்இடியும் பேட்டரியும் வச்சு நாலு பெட்டி செய்யலாமே? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில மீன் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போய், பெட்டியைக் கொடுத்து, இந்த நாலு சோதனையையும் சொல்லித் தரலாம். அத்தையோட 500 திரும்பி வராது. அடுத்த 500-ஐயாவது காப்பாத்தலாம்.