கம்பெனிப் பெயரில் போட்ட கணக்கு

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது. 2018-இல் பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் அப்போது கடைசி ஆண்டில் இருந்தார்கள். அவர்கள் பட்டம் வாங்கிய 2022-இல் அந்த ஆலையிலிருந்து கார் வருவது நின்றே போனது. ‘பக்கத்திலேயே ஃபோர்டு இருக்கிறது’ என்று நம்பிப் பிள்ளையைச் சேர்த்த வீடுகளுக்கு அது பேரிடி. ஆனால் அதே நிறுவனம் சோழிங்கநல்லூரில் நடத்தும் தொழில்நுட்ப, வணிகச் சேவை மையம் மூடப்படவில்லை. 2024 செப்டம்பரில் நிறுவனமே சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் அதன் சேவைப் பிரிவில் 12,000 பேர் வேலை பார்த்தார்கள்; மேலும் 2,500 முதல் 3,000 பேரை எடுக்கப்போவதாகவும் அறிவித்தது. ஒரே கம்பெனிதான், ஜி.எஸ்.டி. சாலையில் கதவு அடைபட்டது, பழைய மாமல்லபுரம் சாலையில் திறந்தே கிடந்தது.

பொறியியல் பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டு ஆகிறது. கம்பெனியின் முடிவு மாற ஒரு நாள் போதும். ஆகவே கம்பெனியின் பெயரை வைத்துப் படிப்பைத் திட்டமிடுவது மணலில் அஸ்திவாரம் போடுவதுதான். செய்யப்போகும் வேலையை வைத்துத் திட்டமிட வேண்டும். என்ஜின் பிளாக்கில் துளை போட்டு, அதன் விட்டம் மைக்ரான் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று அளந்து, பிசகினால் கருவியில் தேய்மானமா, பிடிமானத்தில் கோளாறா என்று கண்டுபிடிக்கிற வேலை ஃபோர்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ, ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டணி உருவாக்கிய ஆலை, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் என எங்கும் அதற்குத் தேவை உண்டு. மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடம் தேர்வு செய்யும்போது ‘எந்த வாத்தியார் தாராளமாக மார்க் போடுவார்’ என்று பார்ப்பதும், கடைசி நேரத்தில் பத்து நாள் இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு அலைவதும் மாணவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் அநியாயம். அளவீடு, தரக்கட்டுப்பாடு என்று ஒரு வேலையை முதலிலேயே பிடித்துக்கொண்டவருக்கு எந்தப் பாடம், எந்தப் பட்டறை, எந்த புராஜெக்ட் என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே சிகரமும் கூடுகளும் உருப்பெற்றிருக்கின்றன. கீழே வெறும் பாறை. பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தார்கள். எதனாலோ வேலை பாதியில் நின்றது. அதுவரை செய்தது 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. படிப்பையும் இப்படி அடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டு முடியும்போதும் கையில் நிற்கிற மாதிரி ஒன்று இருக்க வேண்டும். அதே ஊரில் 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பக்கலைக் கல்லூரியின் மரபு இதற்குக் கண்முன் உதாரணம். உளியைத் தொடுமுன் தாளில் உருவம். நடுவே பிரம்ம சூத்திரம் என்ற செங்குத்துக் கோடு. உத்தம தசதாலம் என்ற அளவுமுறை என்றால் தலை முதல் கால் வரை அங்குலம் எனப்படும் 124 சம பாகங்களாகப் பகுப்பு. வரையத் தெரிந்தவர், கல்லில் கோடிடத் தெரிந்தவர், செதுக்கத் தெரிந்தவர் என்று படிப்படியாகத் தம்மால் என்ன முடியும் என்பது அந்த மாணவருக்கே தெரிகிறது. அங்கே முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார்.

பாதியில் படிப்பை விட்டுப்போக வழி சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டத்தை முடித்தே தீர வேண்டும். ‘பதினெட்டு வயதில் என்ன தெரியும்?’ என்று கேட்பது நியாயம்தான். தெரியாது என்பதால்தான் ஒவ்வொரு செமஸ்டரும் திட்டத்தைத் திருத்த வேண்டும் என்கிறேன். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து பஸ் பிடித்து அரசுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குத் திட்டம் போடும் வசதி ஏது? ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்பதுதானே அந்த வீட்டு நிலைமை? உண்மை. ஆனால் திட்டம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். படித்த வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் மாமாவும் சித்தியும் சொல்லிவிடுகிற விஷயங்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சொல்ல ஆளில்லாமல் போகின்றன. பி.எஸ்சி. வேதியியல் படித்தால் மருந்து ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போகலாம், அதற்கு எந்தக் கருவியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கல்லூரி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் படிப்புகளின் பட்டியலைக் கொடுப்பது வேறு, இந்தப் பிள்ளைக்கு இது ஏன் என்று உட்கார்ந்து பேசுவது வேறு. முதல் செமஸ்டரிலேயே இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று ஒதுக்கி, அந்த நேரத்தை அவருடைய பணிக் கணக்கில் சேர்க்க வேண்டும். கூடுதல் சுமையாக ஏற்றினால் அது கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும்.

மறைமலைநகர் ஆலைக்கு மறுபடி உயிர் வருகிறது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே என்ஜின் தயாரிக்கப்போவதாகவும், 2029-இல் உற்பத்தி தொடங்கும் என்றும், 600-க்கும் மேற்பட்டோருக்கு வேலை என்றும் 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். 2025-இல் பொறியியல் சேர்ந்தவர் பட்டம் வாங்குவதும் 2029-இல்தான். பழையபடி கம்பெனிப் பெயரைச் சொல்லி வீட்டில் கணக்குப் போடுவதற்கு முன்னால், என்ஜின் ஆலையில் அளப்பவர் யார், கடைபவர் யார், கோளாறு கண்டுபிடிப்பவர் யார், அதில் எதைத் தங்கள் கல்லூரிப் பட்டறையில் இந்த ஆண்டே பழக முடியும் என்று அந்த மாணவர் துறைத் தலைவரிடம் போய்க் கேட்கட்டும்.