எழவுக்கு மட்டுமா எங்க கணக்கு?

ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ஜாஸ் படிக்கிற பிள்ளைகள் 'தகிட', 'தகதிமி', 'தகதகிட' என்று மூன்றும் நாலும் ஐந்துமாகக் கை தட்டிச் சொல்லிப் பழகுகிறார்கள். அங்கே இதைக் கற்பித்த ரஃபேல் ரெய்னா 2015இல் புத்தகமே போட்டார். நல்லது, படிக்கட்டும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நாமக்கல் பக்கத்துல எங்க தெருவுலயும் தப்பட்டை வாயால சொல்லித்தான் பழக்குறாங்க. ஒத்தையடிக்கு ஒரு சொல்லு, சாமிச்சாட்டு அடிக்கு இன்னொரு சொல்லு. அடிக்குச்சி ஒரு கணக்கில் போக, சிண்டுக்குச்சி அதற்குள் வேறொரு கணக்கை நுழைக்கும். இதற்குப் பேர் லயம் இல்லையாம், வெறுங்குத்தாம்! மாட்டுத்தோல் மிருதங்கத்தில் ஏறினால் சாஸ்திரம், தப்பட்டையில் ஏறினால் தீட்டு. என்னய்யா நியாயம்?

இத்தனைக்கும் அந்த ஜாஸ், அமெரிக்கக் கறுப்பு அடிமைகளின் வாரிசுகள் உண்டாக்கியது. 1739இல் அடிமைகள் கலகம் செய்த தென் கரோலினாவில், 1740இல் அவர்கள் முரசு கொட்டக் கூடாதென்று சட்டம் வந்தது. அங்கே எசமான் 'கொட்டாதே' என்றான். இங்கே பண்ணையக்காரன் 'எழவு உழுந்துருச்சு, தப்பட்டைய எடுத்துட்டு வாடா' என்றான். இரண்டும் ஒரே சாட்டை.

பிணத்துக்கு முன்னால் அடிக்க மாட்டோமென்று தப்பட்டையைக் கீழே வைத்தவர்கள் செய்தது சரி. அதற்காகக் கணக்கையும் சேர்த்துப் புதைப்பானேன்? 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாச்சு. பட்டம் சரி, பாடம் எங்கே? அரசு இசைப் பள்ளியில் மிருதங்க வாத்தியாருக்கு உள்ள அதே நாற்காலியும் அதே சம்பளமும் தப்பட்டை வாத்தியாருக்கும் வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்து படிக்கட்டும்.