இடுப்பில் இருக்கும் துப்பாக்கியும் ஏறிக்கொண்டே போகும் வயதும்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் சுமந்து செல்வது குறித்த விவாதம் பெரும்பாலும் வாசற்படியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. யார் சுமக்கலாம், எந்த வயதில் தொடங்கலாம், அனுமதி கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பனவே அங்கு எழுப்பப்படும் கேள்விகள். 1987-இல் புளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் அனுமதியை மறுக்க இயலாதபடி சட்டம் இயற்றியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில், பொதுவெளியில் ஆயுதம் சுமப்பதற்குச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலத்தின் நூற்றாண்டுப் பழமை வாய்ந்த நிபந்தனையைச் செல்லாததாக்கியது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதிச்சீட்டே இன்றி மறைத்துச் சுமக்க இடமளிக்கும் மாநிலங்கள் 29. இவை அனைத்தும் நுழைவைப் பற்றியவை. இருபத்தைந்து வயதில் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டவர் நாற்பதில் அதை எப்படிச் சுமக்கிறார், எழுபதில் என்ன செய்கிறார், எப்போது, யார் சொல்லிக் கழற்றி வைக்கிறார் என்ற கேள்விகள் சட்டத்திலும் இல்லை. ஆய்வுகளிலும் மிக அரிதாகவே தென்படுகின்றன.

கிடைக்கும் கணக்கெடுப்புகளின் தன்மை இதற்கு ஒரு காரணம். 2015-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிக் கணக்கெடுப்பிலிருந்து, முந்தைய மாதத்தில் நிரப்பிய கைத்துப்பாக்கியைச் சுமந்தோர் ஏறத்தாழ 90 இலட்சம், நாள்தோறும் சுமப்போர் 30 இலட்சம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2019-இல் அவ்வெண்ணிக்கைகள் முறையே 1.6 கோடியாகவும் 60 இலட்சமாகவும் உயர்ந்தன. மதிப்பிற்குரிய உழைப்புதான், எனினும் கடந்த 30 நாட்களைப் பற்றிய கேள்வி ஒரு நிழற்படத்தை மட்டுமே தரும். சுமப்போரில் இளையோரின் பங்கு கூடுதல் என்று அப்படம் காட்டும்போது, வயது ஏற ஏற மனிதர்கள் சுமப்பதைக் கைவிடுகிறார்களா, அல்லது இன்றைய இளைய தலைமுறை முந்தைய தலைமுறையை விட மிகுதியாகச் சுமக்கிறதா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. ஒரே மனிதரைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளே அதைச் சொல்ல முடியும். 1996-இன் டிக்கி திருத்தத்திற்குப் பின் கூட்டாட்சி அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் துப்பாக்கி ஆய்வுகளுக்கு நிதியளிப்பதை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. 2020 நிதியாண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் மீண்டும் இதற்கெனத் தனியே 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. இடையில் போன கால் நூற்றாண்டு ஒரு மனிதரின் சுமக்கும் வாழ்வில் பாதி.

ஆகவே, இந்த மாற்றத்தை அறிய எண்களை விடக் கள ஆய்வுகளையே நாட வேண்டியிருக்கிறது. ஹாவர்ட் பெக்கர் 1953-இல் கஞ்சா புகைப்போரைப் பற்றி எழுதியபோது, இன்பம் என்பது பொருளில் இல்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று காட்டினார். டெக்சஸ் மாநிலத்துத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளிகளை ஆராய்ந்த ஹரேல் ஷபீராவும் சமந்தா சைமனும் ஏறத்தாழ அதே தடத்தில், துப்பாக்கி வேண்டும் என்ற தேவையுணர்வும் கற்கப்படுவதே என்கின்றனர். மார்செல் மோஸ் நடையையும் நீச்சலையும் உடலின் நுட்பங்கள் என்று வகைப்படுத்தினார். மறைத்துச் சுமத்தலையும் தயக்கமின்றி அப்பட்டியலில் சேர்க்கலாம். எப்படிக் குனிவது, காரில் இருக்கைப் பட்டையை எந்தப் பக்கமாக இழுப்பது, நண்பர் தோளில் கைபோட்டு அணைக்கும்போது எந்த இடுப்பை விலக்கிக்கொள்வது என்று உடல் சிறிது சிறிதாகப் பாடம் படிக்கிறது.

இந்தப் பாடத்தில் வயதும் அனுபவமும் சேரும்போது முதலில் மாறுவது ஆயுதத்தின் அளவு. தொடங்கும்போது பலரும் பெரியதையே விரும்புகின்றனர். 1911 என்று அழைக்கப்படும் பழைய இராணுவ வகைத் துப்பாக்கி வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். கூடவே மாற்றுத் தோட்டாப் பெட்டி ஒன்று, கத்தி ஒன்று, கைவிளக்கு ஒன்று. முழுநாளும் நாற்காலியில் அமர்ந்தவருக்கும், டெக்சஸ் கோடையில் மெல்லிய சட்டை அணிந்தவருக்கும் இது நீண்ட நாள் தாங்காது. இடுப்பெலும்பு உறுத்தும், முதுகு பிடிக்கும், சட்டையின் மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரியும். சுமப்போர் இதைப் 'பிரிண்டிங்' என்கின்றனர்; புதியவருக்கு ஊரே தன் இடுப்பைப் பார்ப்பதாகத் தோன்றும், பழகியவருக்கு யாரும் எதையும் பார்ப்பதில்லை என்பது தெரிந்துவிடும். குழந்தை பிறந்தால் இன்னொரு கட்டம். மடியில் ஏறி விளையாடும் இரண்டு வயதுப் பிள்ளையின் கை எங்கெல்லாம் போகும் என்பது எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லாமலே விளங்கும். சிலர் அந்தக் கட்டத்தில்தான் முதன்முறையாக வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிப் பெட்டகத்தில் வைக்கின்றனர். சிலர் அதே குழந்தையைக் காரணம் காட்டித்தான் நாள்தோறும் சுமக்கத் தொடங்குகின்றனர்.

முடிவில் பலர் கால்சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு துப்பாக்கிக்கு வந்து சேர்கின்றனர். தொழில்துறை இதை நன்கறியும். 2008-இல் வெளிவந்த ரூகர் எல்.சி.பி.யின் எடை ஏறத்தாழ 270 கிராம். அது சந்தையில் பெற்ற வரவேற்பு பிற நிறுவனங்களையும் அதே திசையில் இழுத்தது. இதில் ஒரு முரண் உண்டு. சிறிய துப்பாக்கி சுமக்க எளிது, சுட அரிது. குழல் குறுகியதால் குறி தவறுவதும், எடை குறைந்ததால் பின்னுதைப்பு கையை உலுக்குவதும் கூடும். பார்வை மங்கி, விரல் மூட்டுகள் வீங்கும் வயதில் மனிதர் கையாளக் கடினமான கருவியைத் தேர்கிறார். அரைத்தானியங்கியின் மேற்பகுதியைப் பின்னிழுக்க இயலாதவர் சுழல்துப்பாக்கிக்கு மாறுவார். அதன் விசையோ இன்னும் கடினம். 2018-இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் எளிதாகப் பின்னிழுக்கத்தக்க 380 காலிபர் வகையொன்றை அறிமுகம் செய்து, அதன் பெயரிலேயே எளிமையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தது. முதுமையைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை; விற்பனைத்துறை கண்டுகொண்டது.

இனி அனுபவம் என்ற சொல்லுக்கு வரலாம். முப்பது ஆண்டுகள் சுமந்தவர் என்றால் முப்பது ஆண்டு அனுபவம் என்று பொதுப்பேச்சில் ஒப்புக்கொள்ளப்படுகிறது. எதன் அனுபவம்? நாள்தோறும் சுமக்கும் இலட்சக்கணக்கானோரில் பெரும்பான்மையோர் அதை ஒருமுறையும் மனிதர் மீது நீட்டாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். அவர்களுடையது எதுவும் நிகழாமையின் அனுபவம். அந்த நிகழாமையைத் தேவையின்மைக்குச் சான்றாகக் கொண்டு ஒருவர் மெல்லக் கைவிடலாம். பயன் தந்ததற்குச் சான்றாகக் கொண்டு இன்னொருவர் பணப்பையைப் போல, கண்ணாடியைப் போல எண்ணாமலே எடுத்துச் செருகிக்கொள்ளலாம். பழக்கம் முதிர முதிர எச்சரிக்கை கூடும் என்பது சுமப்போர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதை. சாலையில் எவனாவது வண்டியைக் குறுக்கே விட்டாலும் இப்போதெல்லாம் வாய்ச்சண்டைக்குப் போவதில்லை, இடுப்பில் இருப்பது நினைவுக்கு வருகிறது என்ற வகைச் சாட்சியம் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது தொடர்ந்து சுமப்போரின் சாட்சியம். விட்டுவிட்டவர், விபத்தில் சிக்கியவர், சிறை சென்றவர் அந்த மாதிரிக்குள் இல்லை என்பதை ஆய்வு மாணவர் எவரும் உடனே கவனிப்பார். கவனம் கூடுவதும் கவனம் மரத்துப்போவதும் வெளிப்பார்வைக்கு ஒரே அமைதியாகத்தான் தெரியும்.

அனுபவம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதுமில்லை. மிச்சிகன் மாநிலத்தில் சுமப்போருடன் பழகி, தாமும் சுமந்து, பயிற்றுநர் சான்றும் பெற்று ஆராய்ந்த ஜெனிஃபர் கார்ல்சன், குடும்பத்தையும் ஊரையும் காக்கும் ஆண் என்ற தன்னுருவம் சரிந்துவரும் தொழில்நகரப் பொருளாதாரத்தில் எவ்வாறு ஆயுதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று எழுதினார். அந்த உருவம் கறுப்பினத்தவர் உடலில் பொருந்தும்போது காவல்துறையின் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது. 2016-இல் மினசோட்டாவில் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தியபோது, ஃபிலாண்டோ காஸ்டில் தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே அமைதியாகத் தெரிவித்தார். அவரிடம் அனுமதியும் இருந்தது. சில நொடிகளில் அவர் சுடப்பட்டார்; வயது 32. சுட்ட காவலர் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். சுமக்கும் பழக்கத்தில் முதிர்வதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

சட்டம் அனுபவத்தைச் சோதிக்கும் ஓரிடம் உண்டு. ஓய்வுபெற்ற காவலர் நாடு முழுவதும் மறைத்துச் சுமக்கலாம் என்று 2004-இன் கூட்டாட்சிச் சட்டம் இடமளித்தது. ஆனால் அவர் ஆண்டுதோறும் சுடுதிறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆயுதத்தோடு பணியாற்றியவருக்கு ஆண்டுத் தேர்வு. இருபத்தொன்பது மாநிலங்களில் சாதாரணக் குடிமகனுக்கு எதுவுமில்லை. புளோரிடாவில் 80 வயது கடந்தவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண்பார்வைச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அதே மாநிலத்தில் 2023 சூலை முதல் அதே மனிதர் சட்டைக்குள் துப்பாக்கியுடன் கடைத்தெருவில் நடக்க அனுமதிச்சீட்டு தேவையில்லை.

இதைப் பிறருக்கு ஏற்படும் ஆபத்து என்று மட்டும் பேசினால் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலையால் இறந்தவர்கள். தற்கொலை விகிதம் மிகுதியாக இருப்பது 75 வயதைக் கடந்த ஆண்களிடம். இலட்சத்துக்கு 40-ஐத் தாண்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை துப்பாக்கியால் நிகழ்பவை. துப்பாக்கியால் முயல்வோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை என்பதால், கணநேர விரக்தி கடந்துபோக அவகாசமே கிடைப்பதில்லை. அந்நியன் ஒருவனை எண்ணி வாங்கப்பட்ட ஆயுதம், மனைவியை இழந்து, ஓட்டும் உரிமையையும் இழந்து, நோயுடன் தனித்திருக்கும் முதியவரின் படுக்கையருகில் இருக்கிறது. மறதிநோய் வந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: வீட்டுக்குள் வரும் மகனை அந்நியனாகக் காணும் நோய் அது. கை மட்டும் இடுப்பை மறப்பதில்லை. உடல் கற்ற பழக்கங்கள் பெயர்களை விட நீண்ட நாள் தங்கும்.

எனவே, யார் சுமக்கிறார் என்ற கேள்விக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையேனும் எப்படி நிறுத்துகிறார் என்பதற்குத் திருப்ப வேண்டும். கொலராடோவில் எமி பெட்ஸ் உள்ளிட்ட மருத்துவ ஆய்வாளர்கள், வாகனம் ஓட்டுவதிலிருந்து ஓய்வுபெறுவது போலத் துப்பாக்கியிலிருந்தும் ஓய்வுபெறும் நாளைக் குடும்பம் முன்கூட்டியே பேசி வைக்கலாம் என்று முன்மொழிந்துள்ளனர். பறிமுதல் என்ற சொல்லைத் தவிர்த்து ஓய்வு என்ற சொல்லைத் தேர்ந்தது வெறும் நயம் அன்று; காப்பவர் என்ற தன்னுருவத்தை உடைக்காமல் ஆயுதத்தை மட்டும் விலக்க அதுவே வழி. இந்திய வாசகருக்கு இது முற்றிலும் புதிதன்று. இங்குக் கொடை உரிமையன்று, உரிமம்தான் என்ற வேறுபாடு பெரிது. ஆயினும் 2016-இன் ஆயுத விதிகள், உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு உரிமம் வழங்க வழிசெய்கின்றன. அவ்விதி பாதுகாப்பை எண்ணி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. குடும்பச் சொத்து கைமாறும் மொழியில்தான் பேசுகிறது. இருந்தும் சுமப்பதற்கு ஒரு முடிவு உண்டு, அதைக் கைம்மாற்றும் சடங்காகச் செய்யலாம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஓஹையோவிலோ டெக்சஸிலோ, தந்தையிடமிருந்து கார்ச்சாவியை வாங்கிக்கொண்ட மகள் இடுப்பைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் திரும்பிப்போகிறாள்.