கிராஃபிக் டிசைன் படிக்க எந்த லேப்டாப்? ரேம் விலை எகிறும் நேரத்தில் காசை எதில் போட வேண்டும்?

பிளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம், கிராஃபிக் டிசைன், கவின் கலை என விண்ணப்பம் போடும் மாணவர்களின் வீடுகளில், கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு லேப்டாப்தான். இப்போது அந்தச் செலவு இன்னும் கொஞ்சம் கனக்கிறது. காரணம், ஏஐ.

சாட்ஜிபிடி போன்ற சேவைகளை இயக்கும் டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் மூட்டை மூட்டையாகத் தேவை. உலகின் மெமரி சிப்களில் பெரும்பங்கைத் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கம் சாய்ந்தன. விளைவு, லேப்டாப்களுக்கான ரேமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2025 இறுதியில் விலை எகிறியது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் கடைகளில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

மற்ற மாணவர்களைவிட டிசைன் மாணவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஏன்?

8 ஜிபி ரேம் போதாதா?

போட்டோஷாப்புக்கு அடோபி நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபி. பரிந்துரைப்பது 16 ஜிபி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிரச்சினை இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏ3 அளவில், பிரின்ட்டுக்கான 300 டிபிஐ தரத்தில் ஒரு போஸ்டர் என்றால் சுமார் 1.74 கோடி பிக்சல்கள். ஒரு முழு லேயருக்கே ஏறக்குறைய 52 எம்பி மெமரி வேண்டும். இப்படி 20 லேயர் போட்டால் 1 ஜிபி காலி. இதற்கு மேல் ‘அண்டூ’ செய்வதற்காக மென்பொருள் நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகள் வேறு. பின்னணியில் விண்டோஸ், ரெஃபரன்ஸுக்குத் திறந்து வைத்த 15 பிரவுசர் டேப் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ரேம் தீர்ந்ததும் மென்பொருள் எஸ்எஸ்டியைத் தற்காலிக மெமரியாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். பிரஷ்ஷை இழுத்தால் கோடு லேட்டாக வருவது அப்போதுதான்.

அதனால் புதிதாக வாங்குபவர்கள் 16 ஜிபியை அடித்தளமாக வைத்துக்கொள்வது நல்லது. புராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. ஐ7 உடன் 8 ஜிபியா, ஐ5 உடன் 16 ஜிபியா என்று கேட்டால், டிசைன் வேலைக்கு இரண்டாவதுதான் சரி.

‘அப்புறம் ரேம் ஏத்திக்கலாம்’ என்கிறார்களே?

கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். விவரப் பட்டியலில் ‘எல்பிடிடிஆர்5’ அல்லது ‘எல்பிடிடிஆர்5எக்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். வாங்கிய அன்று இருந்த அளவுதான் கடைசி வரை.

வெறும் ‘டிடிஆர்4’ அல்லது ‘டிடிஆர்5’ என்று இருந்தால், கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு, பில் போடும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்லாட் இருந்தாலும், அப்போது ரேம் என்ன விலை விற்கும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

கேமிங் லேப்டாப் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

‘கிராஃபிக்ஸ் படிப்பு, அதனால் கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம்’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெயரில் உள்ள ஒற்றுமையால் வரும் குழப்பம் இது. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபிக்மா, சாதாரண போட்டோஷாப் வேலைகள் எல்லாம் புராசஸரோடு வரும் கிராஃபிக்ஸிலேயே ஓடிவிடும். தனி கார்டு உண்மையில் கைகொடுப்பது பிளெண்டரில் 3டி ரெண்டரிங், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில்தான். பாடத்திட்டத்தில் அனிமேஷன், 3டி இருக்கிறதா, எந்த செமஸ்டரில் வருகிறது என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

கேமிங் லேப்டாப்பில் எடை, பேட்டரி பிரச்சினைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத பிரச்சினை திரை. விலை குறைந்த கேமிங் மாடல்கள் பலவற்றில் திரை வேகமாக இருக்கும், ஆனால் நிறம் சுமாராகத்தான் இருக்கும்.

திரையில் என்ன பார்க்க வேண்டும்?

விவரப் பட்டியலில் ‘45% என்டிஎஸ்சி’ என்று இருந்தால் உஷார். இணையத்துக்கான பொதுவான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் அந்தத் திரை காட்டும். அதில் சிவப்பு மங்கலாகத் தெரியும். மாணவர் நிறத்தை ஏற்றுவார். அதே டிசைனை போனில் திறந்தால் கண்ணைக் குத்தும். தப்பு டிசைனில் இல்லை, திரையில். ஆனால் மதிப்பெண் போவது மாணவருக்கு.

‘100% எஸ்ஆர்ஜிபி’ அல்லது ‘72% என்டிஎஸ்சி’ என்று இருக்கும் ஐபிஎஸ் திரை போதுமானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்தைத்தான் குறிக்கின்றன. ஓஎல்இடி கிடைத்தால் இன்னும் நல்லது. விவரப் பட்டியலில் இந்த எண்ணே இல்லை என்றால், அது பெருமையாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மேக்புக் அவசியமா?

அவசியம் இல்லை, ஆனால் காசு இருந்தால் கவலையில்லாத தேர்வு. மேக்புக் ஏர் 2024 அக்டோபரிலிருந்து 16 ஜிபி ரேமோடுதான் தொடங்குகிறது. திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும். மாணவர்களுக்கு ஆப்பிள் தனி விலையும் தருகிறது. ரேமைப் பிறகு ஏற்ற முடியாது என்பதும், 3டிஎஸ் மேக்ஸ் போன்ற சில மென்பொருள்கள் அதில் கிடையாது என்பதும் குறைகள். பழைய 8 ஜிபி மேக்புக்கை ‘நல்ல டீல்’ என்று வாங்குவதில் இந்த முதல் குறை முழுதாக வந்து சேரும்.

செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப் பார்ப்பவர்கள், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் வேண்டும்.

அரசு லேப்டாப் கிடைத்தால்?

2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. இந்த லேப்டாப்களில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

கையில் வருவதை வைத்து நிறையவே செய்யலாம். லோகோ, டைப்போகிராஃபி, லேஅவுட் போன்ற ஆரம்பகட்ட வேலைகளுக்கு இது தாங்கும். கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரில் இலவசமாக்கிய அஃபினிட்டி, இன்க்ஸ்கேப், கிருதா, ஜிம்ப் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபிக்மாவும் மாணவர்களுக்கு இலவசம். கிராக் செய்த போட்டோஷாப்பை ஏற்றி, கூடவே வைரஸையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. மிச்சமிருக்கும் பணத்தில் 100% எஸ்ஆர்ஜிபி மானிட்டர் ஒன்று வாங்கி இணைத்தால் நிறப் பிரச்சினையும் தீரும். பெரிய பிரின்ட் ஃபைல்களுக்கும் 3டிக்கும் மட்டும் கல்லூரி லேபை நம்ப வேண்டியிருக்கும்.

கல்விக் கடன் எடுப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவைப்படும் கணினியின் விலையையும் சேர்க்க இடம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

கடைக்குப் போகும் முன்...

- முதலில் ரேம்: 16 ஜிபி, முடிந்தால் கூடுதல் ஸ்லாட்.
- அடுத்து திரை: 100% எஸ்ஆர்ஜிபி.
- பிறகு எஸ்எஸ்டி: 512 ஜிபி. இடம் போதாவிட்டால் எக்ஸ்டர்னல் டிரைவ் வைத்துச் சமாளிக்கலாம்.
- புராசஸர்: அண்மைத் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 போதும்.
- தனி கிராஃபிக்ஸ் கார்டு: 3டி, வீடியோ பாடம் இருந்தால் மட்டும்.

கல்லூரி திறக்கும் முன்பே வாங்கியாக வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். முதல் செமஸ்டரில் பென்சிலும் சார்ட்டும்தான் அதிகம் என்றால், வகுப்பு தொடங்கி எந்த மென்பொருள் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்த பிறகே வாங்கலாம். ஆனால் ‘ரேம் விலை இறங்கட்டும்’ என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். அது எப்போது இறங்கும் என்பது மாணவர்களின் கையிலும் இல்லை, கடைக்காரரின் கையிலும் இல்லை.