இரண்டு செக்‌ஷன் ஒன்றாக உழைக்க

சூலக்கரைப் பட்டறை ஒன்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வரைபடம் நாலு பக்கமும் காடி ஓடும் 40-க்கு 80 மி.மீ. அலுமினிய செக்‌ஷன் கேட்கிறது. கையிருப்பில் இருப்பதோ 40-க்கு 40. இரண்டை ஒட்டிப் போட்டு போல்ட்டை முடுக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடுக்கலாம். எந்த வசத்தில் ஒட்டுகிறோம், எந்த இடத்தில் முடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன்.

பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும் ஜோடி, மேலிருந்து இறங்கும் பாரத்துக்கு ஒற்றைச் செக்‌ஷனைப் போல இரண்டு மடங்கு விறைப்புத் தரும். எத்தனை போல்ட் போட்டாலும் அந்த விறைப்பு ஏறாது. அங்கே போல்ட்டின் வேலை வேறு: மேல்தளத்தை ஒரே மட்டத்தில் வைப்பது, ஒரு பக்கம் விழும் பாரத்தை மறுபக்கத்துக்கும் பகிர்வது. ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் கணக்கே மாறிவிடும். இரண்டும் துளிகூட வழுக்காமல் பிடித்தால், பிணைக்காத அதே ஜோடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பு கிடைக்கும். காடிக்குள் உட்காரும் டி-நட் உராய்வை நம்பிப் பிடிப்பதால் நடைமுறையில் அது முழுதாக வராது. ஆகவே கடையில் 40-க்கு 80 கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

வழுக்கலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 20-க்கு 20 செக்‌ஷனில் நாலடித் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைக்கும் செங்கல் கொடுத்து, பக்கவாட்டில் இரண்டையும் சேர்த்து ஸ்கிரைபரால் மூன்று கோடு கிழிக்க வேண்டும்: முனைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் கையூன்றி அழுத்தினால் நடுக்கோடு நேராகவே நிற்கும். முனைக்கோடுகள் முடியளவு விலகும். நடுப்பகுதியில் மட்டும் போல்ட்டை வரிசைகட்டி முனைகளைச் சும்மா விடுவது வீண் செலவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முனைப் பக்கம் நெருக்கியும் நடுவில் தள்ளியும் போட வேண்டும். முனையின் நடுத்துளைகளில் டேப் போட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எண்ட் பிளேட்டைப் பூட்டினால் பிடிமானம் இன்னும் கூடும்.

வெளிமுகத்தில் தகடு வைத்து இணைப்பது சுலபம். ஆனால் அந்தக் காடி வேறு எதற்கும் உதவாது. ஒரு செக்‌ஷனின் வெளிக் காடியிலிருந்து நடுவைத் துளைத்து, மறு செக்‌ஷனின் காடியில் கிடக்கும் டி-நட்டை நீளப் போல்ட்டால் பிடிப்பது சுத்தமான வேலை. குறுக்கே போகும் அந்தப் போல்ட் எண்ட் பிளேட் போல்ட்டோடு இடிக்காமல் தள்ளித் துளைக்க வேண்டும். ரம்பம் விட்ட பிசிறை அரம் போட்டு எடுத்த பிறகே இரு முகங்களையும் சேர்க்க வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் இரண்டு மீட்டர் அலுமினியம் சுமார் 0.9 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான். நீள இரும்புப் பட்டையோடு பிணைப்பவர் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் நீள்துளை விட வேண்டும்.

சூலக்கரை போன்ற பட்டாசு வட்டார ஊர்களுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பார்வைக்கு ஒரே சட்டமாக நிற்கும் இரண்டு செக்‌ஷன்களில் ஒன்றுக்கு மட்டும் எர்த் போய், மற்றது நிலைமின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பூச்சைச் சுரண்டிப் பல் வாஷர் போட்டு, ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் எர்த் வரை மல்டிமீட்டரால் பார்த்த பிறகே அச்சகத்திலோ பெட்டி ஒட்டும் இடத்திலோ சட்டத்தை நிறுத்த வேண்டும். மருந்துக் கலவை இருக்கும் அறைக்கு அது போகவே கூடாது. துருப்பிடித்த இரும்பும் அலுமினியமும் மோதினால் தெர்மைட் வகைச் சூடான பொறி பறக்கக்கூடும். எர்த் கம்பியால் அதைத் தடுக்க முடியாது. அறுத்த தூளையும் அன்றன்றே கூட்டி, ஈரம்படாமல் தனியாக ஒதுக்க வேண்டும்.