மும்பையில் வீட்டுக்கு ஏன் இந்தப் பஞ்சம்?

அவர் சேலத்தில் நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போயிற்று. 1961-ல் பம்பாய் வந்தார். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினம் 23 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கான்வாஸும் போர்த்திய குடிசைக்கு, சேரி தாதா ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான்.

1981-ல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசு முனைந்தபோது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்களில் இவரும் ஒருவர். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-ல் கோர்ட் கூறியது. ஆனால், நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் தீர்ப்பளித்தது!

இவர் சோம்பேறி அல்ல. வேலை இல்லாதவரும் அல்ல. வாங்கிய கூலிக்கு ஏற்ற வீடு ஊரில் இல்லை. அவ்வளவுதான். ஏன் இல்லை?

முதலாவது, 1947-ம் ஆண்டின் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் வாடகையை அளவுகோலாக வைத்து நிறுத்தியது. இருந்தவர்களுக்கு இது அரண். ஆனால் வாடகைக்குக் கட்டுவோர் குறைந்தனர். பழைய சால்களைப் பழுதுபார்ப்பாரில்லை. பகடிப் பணம் கொடுத்தால்தான் அறை என்றாயிற்று.

இரண்டாவது, நிலம். 1976-ல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஏழைகளுக்கு நிலம் தரும் என்றார்கள். விலக்குகளிலும் வழக்குகளிலும் நிலம் முடங்கியது. மகாராஷ்டிரம் 2007-ல் அச்சட்டத்தையே கைவிட்டது. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுவசதிக்கு என்ற 1991 விதியும், காலி மனைக்கு மட்டுமே பொருந்தும் என்று 2001-ல் சுருக்கப்பட்டது.

2011 சென்சஸ்படி மும்பையில் 100 பேரில் 40-க்கு மேற்பட்டோர் சேரிவாசிகள். அதே கணக்கில், பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம்! ஆக, வீடே இல்லை என்பதல்ல. நம் சம்பளத்துக்கு எட்டும் வீடு இல்லை என்பதே உண்மை.

இப்போது தாராவியைப் பாருங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அங்கேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடத்தில், பணம் கட்டி. மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர்! வேலைக்கு அருகில் வாடகை வீடு கட்ட அரசு முன்வராதவரை, இன்று மாடியில் இருப்பவர் நாளை எங்கே போவார்?

வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். கணக்கெடுக்க வருபவர் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.