“ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரரின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. பழத்தை லோடு ஏற்றிப் போன வியாபாரி அனுப்பியது. பிளஸ் ஒன் படிக்கும் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். “பேமென்ட் வில் பி மேட் சூன்” என்று வாசித்தாள். “பணம் சீக்கிரம் கொடுக்கப்படும்னு போட்டிருக்குப்பா.”

“யாரு கொடுப்பா? இவரா, இவர்கிட்ட வாங்குன கடைக்காரரா?”

“அது இதுல இல்லப்பா.”

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆங்கில இலக்கணப் பாடத்துக்காகச் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கி ‘வாய்ஸ்’ மாற்றிக்கொண்டிருந்தாள். இருபது வாக்கியம். எழுவாயைப் பின்னால் தள்ளு, செயப்படுபொருளை முன்னால் இழு, வில், கேன், மஸ்ட் போன்ற துணைவினையை அப்படியே வை, ‘பி’ சேர், வினையின் மூன்றாம் வடிவத்தைப் போடு. கடகடவென்று மாற்றினாள். “மாத்துனா அர்த்தம் மாறாதா?” என்று கேட்டேன். “மாறாது மாமா, ரெண்டும் ஒண்ணுதான். வடிவம் மட்டும்தான் வேற.”

இந்தப் பதில் அவளுடையது இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் ஓதப்படும் மந்திரம் இது. செய்வினை, செயப்பாட்டு வினை இரண்டும் ஒரே பொருளின் இரண்டு சட்டைகள் என்று நாமும் நம்பி, பிள்ளைகளையும் நம்ப வைக்கிறோம். இந்த நம்பிக்கை தவறு. துணைவினை சேரும் இடத்தில் அது பெருந்தவறு.

ஒரே ஒரு சோதனை போதும். குமார் ரவிக்குப் பாடம் சொல்லித் தர மாட்டேன் என்கிறான். ஆங்கிலத்தில் “குமார் வோன்ட் டீச் ரவி.” அடம் பிடிப்பவன் குமார். சூத்திரப்படி மாற்றுங்கள்: “ரவி வோன்ட் பி டாட் பை குமார்.” இப்போது யார் அடம் பிடிக்கிறார்கள்? குமாரிடம் படிக்க மாட்டேன் என்று ரவி முறுக்கிக்கொள்வது போல அல்லவா கேட்கிறது! அடம் ஒருவன் தலையிலிருந்து இறங்கி இன்னொருவன் தலையில் ஏறிவிட்டது. விடைத்தாளில் முழு மதிப்பெண்; வாழ்க்கையில் பழி மாறிவிட்டது.

‘வில்’லில் விருப்பம் இருக்கிறது, ‘கேன்’னில் திறமை இருக்கிறது. இவை எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும் குணங்கள். எழுவாயை மாற்றினால் குணத்துக்குச் சொந்தக்காரரும் மாறுவார். “இந்த மூட்டையை என்னால் தூக்க முடியாது” என்பது என் பலவீனம். “மூட்டை தூக்கப்பட முடியாதது” என்பது மூட்டையின் கனம். இரண்டும் ஒன்று என்றால், ஊரில் எந்தச் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் வேலை இருக்காது.

துணைவினை இல்லாத வாக்கியங்களிலும் இந்த மந்திரம் முழுதாகப் பலிப்பதில்லை. 1957இல் வந்த ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ நூலிலேயே மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இதைக் காட்டிவிட்டார். அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மொழி தெரியும் என்றால், ஆளுக்கு வேறு வேறு இரண்டு மொழியாக இருக்கலாம். குறைந்தது இரண்டு மொழிகள் அறையில் உள்ள எல்லோராலும் அறியப்பட்டிருக்கின்றன என்று திருப்பினால், எல்லோருக்கும் பொதுவாக அதே இரண்டு மொழி என்ற பொருள் முன்னுக்கு வருகிறது. மொழியியலில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழசான இந்தச் செய்தி நம் கைடு புத்தகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சாம்ஸ்கி வரை போக வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு போதும். அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு மேல் 152 அடி என்றால் பெரிய அணைக்குப் பக்கத்தில் உள்ள பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும். அதற்கு அங்கே நிற்கும் மரங்களை வெட்ட வேண்டும். பலப்படுத்த வேண்டியது தமிழ்நாடு. மரம் வெட்ட அனுமதி தர வேண்டியது கேரளம். 2021 நவம்பரில் 15 மரங்களை வெட்ட அனுமதி வந்தது. தமிழக முதல்வர் நன்றிக் கடிதமும் எழுதினார். சில நாட்களிலேயே அந்த அனுமதியைக் கேரள அரசு ரத்து செய்தது.

இந்த முழுக் கதையையும் “மரங்கள் வெட்டப்பட வேண்டும்” என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அனுமதி தர வேண்டியவர், வெட்ட வேண்டியவர், தந்துவிட்டுத் திரும்ப வாங்கியவர் எல்லோரும் மறைந்து, மரம் மட்டும் நிற்கும். “வெட்டலாம்” என்றால் அனுமதி. அதில் ஒரு ‘படு’வைச் செருகி “வெட்டப்படலாம்” என்று சொன்னால், வெட்டினாலும் வெட்டுவார்கள் என்ற ஆரூடம். ஆங்கிலத்தின் ‘மே பி கட்’டிலும் இந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன. அனுமதிக்கும் ஆரூடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இந்த அணை நீரை நம்பியிருக்கும் ஐந்து மாவட்ட விவசாயி எப்படி ஒரு உத்தரவைப் படிப்பார்?

அப்படியென்றால் செயப்பாட்டு வினையையே ஒழித்துவிடலாமா? இது இன்னொரு மூடநம்பிக்கை. முடிந்த இடத்திலெல்லாம் செய்வினையையே எழுது என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் வெளியிட்ட கட்டுரையைக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரையிலேயே செயப்பாட்டு வினை தாராளமாக வருகிறது. அதற்கென்று இடம் உண்டு. அந்த இடம் எது என்பதுதான் கேள்வி.

நம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 21, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்கிறது. செயப்பாட்டு வினைதான். பறிக்கக் கூடாதவர் யார் என்று பெயர் சொல்லாததால் தடை அகலமாக விழுகிறது. ஆங்கில மூலத்தில் காக்கவேண்டிய மனிதர் முதல் இடத்தில் நிற்கிறார். பிரிவு 40 கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது பற்றியது. அங்கே செய்வினை: அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். செய்ய வேண்டியவர் பெயரோடு நிற்கிறார். ‘ஷால்’ என்ற துணைவினை இரண்டிலும் ஒன்றே. எழுதியவர்கள் எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தே வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்திருந்தால் நம் கதி என்ன?

இதைவிட எளிய சான்று பந்தலுக்குள்ளேயே இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமைக்கேற்ற நிறத்தோடு ஒரு சாய்சதுரம் இருக்கும். பக்கத்தில் ஆங்கில எச்சரிக்கை: குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. நேரான கட்டளை. “வைக்கப்பட வேண்டும்” என்று அது சுற்றி வளைக்கவில்லை. உயிர் போகிற அவசரத்தில் யாரும் வாய்ஸ் மாற்றுவதில்லை.

நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் செய்பவரைச் சொல்லாமல் விடச் செயப்பாட்டு வினை தேவையே இல்லை. “கவாத்து பண்ணணும்”, “மருந்து அடிக்கணும்”, “கதவைச் சாத்தணும்” என்றால் போதும். ஆள் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் கட்டளையைத் தவிர மற்ற வாக்கியங்களின் முதல் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஆள் தெரியவில்லை என்றால் கதவையே தூக்கி அதில் உட்கார வைக்க வேண்டும். “தி டோர் மஸ்ட் பி க்ளோஸ்டு” பிறந்த கதை இதுதான். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு விளங்கும். நாம் சொல்லிக்கொடுப்பது சூத்திரத்தை மட்டும். போதாக்குறைக்கு “என்னால் முடியாது” என்பதில் இருக்கும் ‘ஆல்’, ஆங்கில ‘பை மீ’யோடு ஒத்துப்போவது போலத் தோன்றுகிறது. அதனால் “ஐ கான்ட்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “இட் கெனாட் பி டன் பை மீ” என்று நம் பிள்ளைகள் நீட்டுகிறார்கள்.

கடைசியில் சூத்திரம் தமிழுக்கே திரும்பி வந்து குடியேறிவிட்டது. “இங்கு கடன் கொடுக்கப்பட மாட்டாது” என்று கடையில் பலகை தொங்குகிறது. கொடுக்க மாட்டேன் என்பவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பலகையிலோ கடனே முரண்டு பிடிக்கிறது. “நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற பதிலை மனுக்கொடுத்த ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறோம். அதை மரியாதையான மொழி என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

பரீட்சையில் கேட்கிறார்களே, மதிப்பெண் வேண்டாமா என்பார்கள். வேண்டும். வாய்ஸ் மாற்றட்டும். மாற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் காணாமல் போனார்? ‘மாட்டேன்’, ‘முடியும்’, ‘வேண்டும்’ யாரிடமிருந்து யாருக்குப் போனது? ஐந்து நிமிடம் அதிகம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் ஆங்கிலப் பாடம். மற்றது நாற்காலி நகர்த்தும் வேலை.

திண்ணையில் அந்தப் பெண்ணிடம் இதைத்தான் கேட்டேன். குமாரையும் ரவியையும் இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அப்பாவின் போனை வாங்கி வந்து பதில் தட்டினாள், நான் சொல்லாமலே: “ஹூ வில் பே அஸ்? ஆன் வாட் டேட்?” எங்களுக்கு யார் தருவார், எந்தத் தேதியில்? கேள்வி செய்வினையில் இருந்தது.